பாதி விழுந்து பாதி நின்ற சட்டம்: 1996 தகவல்தொடர்பு நாகரிகச் சட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இணையத்தில் எதைப் பேசலாம், எதைக் காட்டலாம் என்பதில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு முதன்முதலாகப் பெரிய அளவில் கை வைத்தது 1996இல். அதற்கு முன்பும் கணினியைத் தொட்ட கூட்டாட்சிச் சட்டங்கள் இருந்தன. 1986இல் வந்த கணினி மோசடிச் சட்டம் அத்துமீறி நுழைவதைத் தண்டித்தது. அதே ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் ஒட்டுக்கேட்பதைத் தடுத்தது. பேச்சின் உள்ளடக்கத்தை அவை தொடவில்லை. 1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தின் ஐந்தாம் தலைப்பான தகவல்தொடர்பு நாகரிகச் சட்டம் அதைத் தொட்டது.

அந்தத் தலைப்புக்குள் இரண்டு வேறு சட்டங்கள் இருந்தன. ஒன்று, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கண்ணில் படும்படி அநாகரிகமான எதையும் இணையத்தில் வைத்தால் இரண்டு ஆண்டு சிறை என்றது. மற்றொன்று, பிறர் எழுதியதற்கு இணைய நிறுவனத்தைப் பொறுப்பாளி ஆக்கக்கூடாது என்றது. முன்னது பதினாறு மாதங்களில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. பின்னது 230ஆம் பிரிவு என்ற பெயரில் இன்றுவரை நிற்கிறது. அரசியல் காற்றைக் காரணம் காட்டி இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. வரைவில் எந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள், வலைப்பின்னல் எப்படி இயங்குகிறது என்று பார்த்தார்களா என்பதில்தான் விடை இருக்கிறது.

முன்னால் நடந்த இரண்டு நியூயார்க் வழக்குகள்

முதல் வழக்கு 1991இல், நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில். கம்ப்யூசர்வ் என்ற கட்டணச் சேவையின் பத்திரிகையாளர் மன்றத்தில் 'ரூமர்வில்' என்ற செய்திமடல் வந்துகொண்டிருந்தது. அதைத் தயாரித்தது வேறொரு நிறுவனம். மன்றத்தை நிர்வகித்தது இன்னொரு நிறுவனம். மடல் கணினியில் ஏறியதும் சந்தாதாரர்களுக்குக் கிடைத்துவிடும். கம்ப்யூசர்வ் அதை முன்கூட்டிப் படிக்க வாய்ப்பே இல்லை. அதில் அவதூறு இருக்கிறது என்று, அந்த மடலுக்குப் போட்டியான கப்பி என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. கம்ப்யூசர்வ் புத்தகக் கடைக்காரரைப் போன்ற விநியோகஸ்தர்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தால் மட்டுமே பொறுப்பு என்று நீதிபதி பீட்டர் லெஷர் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இரண்டாவது வழக்கு எதிர்த்திசையில் போனது. புராடிஜி என்ற சேவைக்கு அப்போது சுமார் 20 லட்சம் சந்தாதாரர்கள். பயனர்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் அதன் விவாதப் பலகைகளில் நாளொன்றுக்கு 60,000 பதிவுகள். 1994 அக்டோபரில் 'மணி டாக்' என்ற முதலீட்டுப் பலகையில் யாரோ ஒருவர் ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று எழுதினார். நிறுவனம் 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1995 மே 24 அன்று நசாவ் கவுன்ட்டி நீதிபதி ஸ்டூவர்ட் அய்ன், புராடிஜி வெளியீட்டாளர்தான் என்று தீர்ப்பளித்தார். அவர் காட்டிய காரணங்கள் நான்கு: புராடிஜி உள்ளடக்க விதிகளை அறிவித்திருந்தது, கெட்ட சொற்களைத் தானாகச் சலிக்கும் மென்பொருள் வைத்திருந்தது, பலகைத் தலைவர்களை நியமித்திருந்தது, அவர்களுக்கு அவசரமாக அழிக்கும் வசதி கொடுத்திருந்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு சேவை நிறுவனத்தின் வழக்கறிஞர் தரக்கூடிய ஆலோசனை ஒன்றுதான்: எதையும் படிக்காதே, எதையும் அழிக்காதே, விதி எதுவும் போடாதே. குப்பையை அள்ளியவனுக்கு அபராதம், கண்ணை மூடிக்கொண்டவனுக்கு விடுதலை. (புராடிஜியைக் கூண்டில் ஏற்றிய ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட்டைத் தரகர்களின் ஒழுங்குமுறை அமைப்பு 1996 டிசம்பரில் தொழிலிலிருந்தே வெளியேற்றியது, அதன் தலைவர்கள் 1999இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எச்சரித்தவரின் பதிவில் உண்மை இருந்திருக்கிறது.)

எக்ஸானின் திருத்தம், காக்ஸ் – வைடனின் திருத்தம்

நெப்ராஸ்காவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜேம்ஸ் எக்ஸான் 1995 பிப்ரவரி 1 அன்று தன் மசோதாவை முன்வைத்தார். வாஷிங்டன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ஸ்லேட் கார்ட்டன் உடன் நின்றார். எக்ஸான் புதிதாக ஒரு சட்டம் எழுதவில்லை. தொலைபேசித் தொல்லையையும் கட்டண ஆபாச அழைப்புகளையும் தண்டித்துவந்த பழைய 223ஆம் பிரிவை எடுத்து, 'தொலைபேசி' இருந்த இடத்தில் 'தொலைத்தொடர்புச் சாதனம்' என்று மாற்றினார். பின்னால் வந்த குழப்பங்களில் பாதிக்கு விதை இங்கேதான். தொலைபேசியில் ஒருவர் இன்னொருவரை அழைக்கிறார். இணையத்தில் ஒருவர் ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். யார் வந்து பார்க்கிறார், அவருக்கு என்ன வயது என்று வைத்தவருக்குத் தெரிய வழியில்லை.

இணையத்திலிருந்து அச்செடுத்த படங்களை நீலநிற உறையிட்ட கோப்பில் சேர்த்து, சக செனட்டர்கள் பார்க்கட்டும் என்று எக்ஸான் அவைக்குக் கொண்டுவந்தார். 1995 ஜூன் 14 அன்று திருத்தம் 84க்கு 16 என்று நிறைவேறியது. வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி முதலில் நீதித்துறை ஆய்வு செய்யட்டும் என்று மாற்று யோசனை வைத்தார், எடுபடவில்லை. மூன்று வாரத்துக்குள் 'டைம்' இதழ் இணைய ஆபாசத்தை அட்டைப்படக் கட்டுரை ஆக்கியது. அதில் வந்த 83.5 சதவீதம் என்ற எண், யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் இருக்கும் படங்களைப் பற்றியது. அது இணையம் முழுவதற்கும் உரியதாக அரசியல் மேடைகளில் உருமாறிப் பரவியது. கட்டுரைக்கு அடிப்படையான ஆய்வின் தரவில் பெரும்பகுதி வயதுவந்தோருக்கான தனியார் கட்டணப் பலகைகளிலிருந்து எடுத்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டோனா ஹாஃப்மனும் தாமஸ் நோவாக்கும் ஆய்வில் இருந்த எண்களையே வைத்துக் கணக்கிட்டு, ஆபாசப் படக் குழுக்களோடு தொடர்புடைய செய்திகள் இணையப் போக்குவரத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்று காட்டினார்கள். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்திருந்தது.

கீழவையில் வேறு வேலை நடந்தது. புராடிஜி தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்த கலிபோர்னியாவின் கிறிஸ் காக்ஸ், ஓரிகனின் ரான் வைடனைச் சேர்த்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடு அழிப்பவருக்குப் பாதுகாப்பு தரும் திருத்தத்தை எழுதினார். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. குழந்தைகளைக் காக்கும் பொறுப்பை அரசு வழக்கறிஞரிடம் கொடுக்காமல் பெற்றோரிடமும் நிறுவனத்திடமும் கொடுத்து, அவர்கள் கையைக் கட்டும் சட்டப் பயத்தை மட்டும் எடுத்துவிடுவது அவர்கள் எண்ணம். 1995 ஆகஸ்ட் 4 அன்று 420க்கு 4 வாக்கில் அது ஏறியது.

எக்ஸானுக்கு மாற்றாகப் பிறந்ததை எக்ஸானுக்குத் துணையாக ஒட்டிவைத்தது இரு அவைகளின் சமரசக் குழு. அங்கே ஒரே ஒரு வாக்கில் எல்லாம் திரும்பியது. வாஷிங்டனின் ரிக் வைட் 'சிறாருக்குத் தீங்கானது' என்ற, நீதிமன்றங்களில் ஏற்கெனவே பொருள் தீர்ந்த அளவுகோலை முன்வைத்தார். வர்ஜீனியாவின் பாப் குட்லாட்டே அதை எடுத்துவிட்டு 'அநாகரிகம்' என்ற சொல்லை மீண்டும் வைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். 1995 டிசம்பரில் கீழவை உறுப்பினர்கள் 17க்கு 16 என்று குட்லாட்டே பக்கம் போனார்கள். 1996 பிப்ரவரி 1 அன்று முழுத் தொலைத்தொடர்புச் சட்டமும் கீழவையில் 414க்கு 16, செனட்டில் 91க்கு 5 என்று நிறைவேறியது. தொலைபேசி, கேபிள் நிறுவனங்களின் போட்டியைப் பற்றிய பெரிய சட்டத்தின் நடுவே இது ஒரு சின்னத் தலைப்பு. பெரும்பாலானவர்கள் வாக்களித்தது அந்தப் பெரிய சட்டத்துக்கு.

பிரிவில் இருந்த சொற்களும் இல்லாத சொற்களும்

குற்றப் பிரிவுகள் இரண்டு. முதலாவது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவருக்கு 'ஆபாசமான அல்லது அநாகரிகமான' எதையும் அனுப்புவது. இரண்டாவது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கிடைக்கும் வகையில், 'சமகால வட்டார மக்களின் அளவுகோலின்படி வெளிப்படையாக அருவருப்பூட்டும்' முறையில் பாலியல் அல்லது கழிவு சார்ந்த செயல்களையோ உறுப்புகளையோ காட்டுவது, விவரிப்பது. அபராதத்தோடு இரண்டு ஆண்டுவரை சிறை.

ஒரே குற்றத்துக்கு இரண்டு பிரிவுகளில் இரண்டு வெவ்வேறு சொற்கள். இரண்டுக்குமே விளக்கம் இல்லை. 1973இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆபாசத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது: மொத்தமாகப் பார்க்கையில் காமத்தைத் தூண்டுவதே நோக்கமாக இருக்க வேண்டும், மாநிலச் சட்டம் குறிப்பாக வரையறுத்த பாலியல் செயலை அருவருப்பூட்டும் வகையில் காட்ட வேண்டும், குறிப்பிடத்தக்க இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு இருக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் ஆபாசம். 1996 வரைவு இரண்டாவது நிபந்தனையில் பாதியை மட்டும் வெட்டி எடுத்தது. 'சட்டம் குறிப்பாக வரையறுத்த' என்பதை விட்டுவிட்டது. முதல், மூன்றாம் நிபந்தனைகளையும் விட்டுவிட்டது. போதாததற்குக் கழிவுச் செயல்களையும் சேர்த்தது. எய்ட்ஸ் தடுப்பு பற்றிய பக்கம், சிறையில் நடந்த பாலியல் வன்முறையை எழுதும் பக்கம், மருத்துவப் படம், நாவலின் ஓர் அத்தியாயம் எல்லாம் உள்ளே வர இந்த வெட்டு போதும். மதிப்புள்ளதை விலக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

தப்பிக்க இரண்டு வழிகள் கொடுத்தார்கள். கிரெடிட் கார்டு, டெபிட் கணக்கு அல்லது வயதுவந்தோருக்கான அடையாள எண் கேட்டுச் சரிபார்ப்பது ஒன்று. சிறாரைத் தடுக்க 'நல்லெண்ணத்தோடு, நியாயமான, பலன் தரும்' நடவடிக்கை எடுப்பது மற்றொன்று. முதல் வழி தொலைபேசி ஆபாச அழைப்புகளிலிருந்து அப்படியே வந்தது. அங்கே அது வேலை செய்தது, ஏனென்றால் அது காசு வாங்கும் தொழில். கார்டு எண் எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள். இலவசமாகப் படிக்கத் தரும் ஒருவரின் பக்கத்தில் அந்த வழி என்ன ஆகும் என்பது பிலடெல்பியா விசாரணையில் வெளிவந்தது.

பிலடெல்பியா: உண்மைகளைப் பதிவுசெய்த நீதிமன்றம்

அதிபர் கையெழுத்திட்ட அன்றே அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் வேறு பத்தொன்பது அமைப்புகளும் ஆட்களும் பென்சில்வேனியா கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பிப்ரவரி 15 அன்று நீதிபதி ரொனால்ட் பக்வால்டர் 'அநாகரிகம்' என்ற சொல் அளவுக்கு மட்டும் தற்காலிகத் தடை விதித்தார். அமெரிக்க நூலகச் சங்கம் தலைமையில் 27 பேர் தொடுத்த இரண்டாவது வழக்கும் இதோடு சேர்ந்தது. இந்தப் பிரிவுகளை எதிர்த்து வழக்கு வந்தால் மூன்று நீதிபதிகள் விசாரிக்க வேண்டும், மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்று சட்டமே எழுதியிருந்தது. சவால் வரும் என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. டோலரஸ் ஸ்லோவிட்டர், பக்வால்டர், ஸ்டூவர்ட் டால்ஸெல் மூவரும் அமர்ந்தார்கள்.

இந்த வழக்கின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. நீதிமன்ற அறைக்கு இணைய இணைப்பு கொண்டுவந்து, நீதிபதிகள் நேரிலேயே பார்த்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மைகளையும் சாட்சியங்களில் தெரிந்தவற்றையும் சேர்த்து 123 பத்திகளில் உண்மைக் கண்டறிதல்களாக எழுதினார்கள். 1981இல் சுமார் 300ஆக இருந்த இணையக் கணினிகள் 94 லட்சமாகிவிட்டன. பயன்படுத்துவோர் 4 கோடி. உள்ளடக்கத்தில் 40 சதவீதம் அல்லது அதற்கும் மேல் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வருகிறது. கடைசி எண் அரசுத் தரப்பை மிகவும் அடித்தது. வெளிநாட்டு சர்வரில் இருப்பதை இந்தச் சட்டத்தால் எட்டமுடியாது. பெற்றோர் வீட்டுக் கணினியில் போடும் சலிப்பு மென்பொருளோ அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும் தடுக்கும்.

கார்டு சரிபார்ப்பு எப்படி உடைந்தது என்று பார்க்கலாம். மின்னஞ்சல் குழுவிலும் யூஸ்நெட்டிலும் அரட்டை அறையிலும் எதிரே இருப்பவரின் வயதைச் சரிபார்க்க அன்று எந்தத் தொழில்நுட்பமும் இல்லை. வலைப்பக்கத்தில் மட்டும் செய்யலாம். அதற்கு சர்வரில் ஒரு சிறு நிரல் ஓட வேண்டும். அமெரிக்கா ஆன்லைன், கம்ப்யூசர்வ் போன்ற பெரிய சேவைகளில் தனிநபர் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிரலை ஓட்ட அனுமதியே கிடையாது. சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கும் ஒரு சரிபார்ப்புக்கு 1 டாலர் வரை செலவு என்று சாட்சியம் வந்தது. புத்தகம் விற்பவர் அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் வரும் இலவச எய்ட்ஸ் தகவல் பக்கம் எதில் சேர்க்கும்? கார்டு இல்லாத பெரியவர்களும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

'பலன் தரும் நடவடிக்கை' என்ற இரண்டாவது வழிக்கு அரசுத் தரப்பு நிபுணர், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் டான் ஓல்சன், ஒரு திட்டம் சொன்னார். எழுதுபவர் தன் பக்கத்தின் முகவரியிலோ உள்ளேயோ 'எல்18' என்ற குறியீட்டைச் சேர்த்துவிட வேண்டும். பிரவுசர் அதைக் கண்டு சிறாருக்குக் காட்டாமல் விடும். எழுதுபவர் குறியிடலாம், கஷ்டமில்லை. ஆனால் அந்தக் குறியைப் படிக்கும் பிரவுசர் ஒன்றுகூட உலகத்தில் இல்லை. குறியிட்டவரின் நடவடிக்கை 'பலன் தருவது' ஆக வேண்டுமானால், எங்கோ ஒரு நிறுவனம் மென்பொருள் எழுதி, எங்கோ ஒரு பெற்றோர் அதைப் போட்டிருக்க வேண்டும். தன் கையில் இல்லாத ஒன்றைக் காட்டித்தான் சிறையிலிருந்து தப்ப முடியும் என்றால் அது பாதுகாப்பு ஆகாது.

1996 ஜூன் 11 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அமலாக்கத்தைத் தடுத்தார்கள். இதுவரை வந்த வெகுமக்கள் ஊடகங்களில் மக்கள் மிக அதிகமாகப் பங்கேற்கும் ஊடகம் இதுதான், அரசின் தலையீட்டிலிருந்து உச்சப் பாதுகாப்பு இதற்கு வேண்டும் என்று டால்ஸெல் எழுதினார். தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் இருக்கும் குறைந்த பாதுகாப்பை இணையத்தின் மேல் போர்த்த முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

உச்ச நீதிமன்றம்

1997 மார்ச் 19 அன்று வாதம். ஜூன் 26 அன்று தீர்ப்பு. ஏழு நீதிபதிகளுக்காக ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். சான்ட்ரா டே ஓ'கானரும் தலைமை நீதிபதி ரென்குவிஸ்டும் பகுதி உடன்பட்டு, பகுதி மாறுபட்டார்கள். பொதுவில் காட்டும் பிரிவு செல்லாது என்பதில் அவர்களுக்கும் மாறுபாடு இல்லை.

அரசு மூன்று முன்தீர்ப்புகளைக் கையில் பிடித்திருந்தது. ஸ்டீவன்ஸ் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டினார். 1968இன் கின்ஸ்பர்க் வழக்கில் சிறாருக்கு விற்பதை மட்டுமே தடுத்தார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கத் தடையில்லை, வணிகத்துக்கு மட்டும் பொருந்தியது, சமூக மதிப்பு அற்றது என்ற நிபந்தனை இருந்தது, வயது 17. இந்தச் சட்டத்தில் பெற்றோர் சம்மதித்தாலும் குற்றம், காசு வாங்காவிட்டாலும் குற்றம், மதிப்பு பற்றிய பேச்சே இல்லை, வயதிலும் ஓர் ஆண்டு கூடுதல். 1978இன் பசிஃபிகா வழக்கு வானொலியைப் பற்றியது. ஒலிபரப்பு நேரத்தைப் பற்றிய ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு, சிறைத்தண்டனை இல்லை. ரென்டன் வழக்கு ஆபாசத் திரையரங்குகள் ஊரில் எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றியது. பேச்சைப் பற்றியதே அல்ல.

தீர்ப்பில் வரும் இரண்டு எடுத்துக்காட்டுகளை நான் எப்போதும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் 17 வயது மகனுக்குத் தந்தை கருத்தடை பற்றி மின்னஞ்சல் எழுதுகிறார். அவர்கள் ஊரில் யாருக்கும் அது அருவருப்பாகப் படவில்லை. கல்லூரி இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பட்டால் தந்தைக்குச் சிறை. இரண்டாவது, நூறு பேர் பேசும் அரட்டை அறை. அங்கே ஒருவர் நுழைந்து, "என் 17 வயதுப் பிள்ளையும் இங்கே இருக்கப்போகிறான்" என்று சொல்கிறார். அந்த நொடியிலிருந்து மற்றவர்கள் அனைவரும் 'தெரிந்தே' பேசுபவர்கள் ஆகிவிடுகிறார்கள். பேச்சைப் பிடிக்காத ஒருவர் நூறு பேரின் வாயையும் அடைத்துவிடலாம்.

பெரியவர்களின் பேச்சைச் சிறாருக்குத் தகுந்ததாகச் சுருக்குவது, பன்றியை வாட்ட வீட்டைக் கொளுத்துவது என்று 1957இல் பட்லர் வழக்கில் சொன்ன சொல்லைத் தீர்ப்பு மீண்டும் எடுத்தாண்டது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தாதே என்று நம் ஊரில் சொல்வதும் அதைத்தான். இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் அவையில் நேரடித் திருத்தங்களாகவே வந்தவை, விரிவான விசாரணை அவற்றின் மேல் நடக்கவில்லை என்பதையும் ஸ்டீவன்ஸ் குறித்துவைத்தார். லேஹி கேட்ட ஆய்வை நாடாளுமன்றம் செய்திருந்தால் 123 பத்திகளை அவர்களே எழுதியிருப்பார்கள்.

பொதுவில் காட்டும் பிரிவு முழுதும் போனது. அனுப்பும் பிரிவில் 'அல்லது அநாகரிகமான' என்ற சொற்களை மட்டும் வெட்டி, ஆபாசத் தடையை விட்டுவைத்தார்கள். 230ஆம் பிரிவை யாரும் எதிர்க்கவில்லை. அது அப்படியே இருந்தது.

நின்ற பாதி

230(சி)(1) ஆங்கிலத்தில் 26 சொற்கள். வேறொரு உள்ளடக்கம் தருபவர் கொடுத்த தகவலுக்கு, ஊடாடும் கணினிச் சேவை தருபவரையோ பயன்படுத்துபவரையோ வெளியீட்டாளராகவோ பேசியவராகவோ நடத்தக்கூடாது. (சி)(2) நல்லெண்ணத்தோடு ஆபாசமானது, வன்முறை மிகுந்தது, துன்புறுத்துவது, வேறு வகையில் ஆட்சேபத்துக்குரியது என்று கருதி நீக்குபவரைக் காக்கிறது. வழக்கில் மூன்று கேள்விகள் வரும். எதிராளி அத்தகைய சேவை தருபவரா, பயன்படுத்துபவரா? வழக்கு அவரை வெளியீட்டாளராக நடத்துகிறதா? தகவல் வேறொருவருடையதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வழக்கு தள்ளுபடி. கூட்டாட்சிக் குற்றச் சட்டமும் அறிவுசார் சொத்துச் சட்டமும் தொடக்கத்திலேயே விலக்கு.

இந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1997 நவம்பர் 12 அன்று நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜெரான் வழக்கில் தீர்மானித்தது. 1995 ஏப்ரல் 19 ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு நடந்த ஒரு வாரத்துக்குள், அதைக் கேலி செய்யும் டி-சட்டை விளம்பரம் அமெரிக்கா ஆன்லைனில் வந்தது. தொடர்புக்கு என்று சம்பந்தமே இல்லாத ஜெரான் என்பவரின் தொலைபேசி எண். கொலை மிரட்டல்கள் குவிந்தன. ஒரு கட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஓர் அழைப்பு. அவர் நிறுவனத்திடம் சொன்னார். ஒன்றை நீக்கினால் இன்னொன்று வந்தது. தெரிவித்த பிறகும் நீக்கத் தாமதித்தால் விநியோகஸ்தர் என்ற முறையில் பொறுப்புத்தானே என்பது அவர் வாதம். விநியோகஸ்தர் பொறுப்பும் வெளியீட்டாளர் பொறுப்பின் ஒரு வகைதான் என்று நீதிபதி வில்கின்சன் மறுத்தார். தெரிவித்தாலே பொறுப்பு என்றால், பிடிக்காத எதையும் யாரும் ஒரு புகாரில் நீக்கவைக்கலாம் என்பது அவர் காரணம். காரணம் சரி. ஆனால் காக்ஸும் வைடனும் தீர்க்க நினைத்தது குப்பையை அள்ளியவனின் சிக்கலை. சொல்லியும் அள்ளாதவனுக்கும் அதே கவசம் கிடைத்ததில் ஒரு அப்பாவிக்கு எந்த நிவாரணமும் இல்லாமல் போனது. இது தீர்ப்பின் உண்மையான விலை. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 2020இல் இந்த விளக்கத்தைக் கேள்வி கேட்டார். உச்ச நீதிமன்றம் இன்னும் அதைத் தீர்க்கவில்லை.

கவசம் எங்கே முடியும் என்பதற்கு 2008இன் ரூம்மேட்ஸ் வழக்கு நல்ல அளவுகோல். அறைத்தோழர் தேடும் தளம் பதிவு செய்பவர்களிடம் பாலினம், பாலியல் நாட்டம், குழந்தை உண்டா என்று கேட்டு, கொடுத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றது. கேள்வியும் விடைகளும் தளம் எழுதியவை. எனவே வீட்டுவசதிப் பாகுபாட்டுச் சட்டத்திலிருந்து அதற்குப் பாதுகாப்பு இல்லை. அதே பக்கத்தில் 'கூடுதல் கருத்து' என்ற வெற்றுப் பெட்டியில் பயனர் எழுதியதற்குப் பாதுகாப்பு உண்டு. ஒரே படிவத்தில் கீழ்விரி பட்டியல் வெளியே, வெற்றுப் பெட்டி உள்ளே.

அடுத்து எழுதப்பட்டவை

1998இல் நாடாளுமன்றம் மூன்று சட்டங்களை இயற்றியது. அக்டோபர் 28இன் பதிப்புரிமைச் சட்டம் 512ஆம் பிரிவில் 230க்கு நேர் எதிரான வழியை எடுத்தது: தெரிவித்தால் நீக்கு. ஆனால் எது முறையான அறிவிப்பு என்று வரையறுத்தது. கையொப்பம், எந்தப் படைப்பு, எந்த இணைப்பு, தொடர்பு விவரம், நல்லெண்ண உறுதி, பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்ட உரிமை உறுதி ஆகியவை வேண்டும். நீக்கப்பட்டவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால், புகார் செய்தவர் வழக்குக்குப் போகாதபட்சத்தில் 10 முதல் 14 வேலைநாளுக்குள் திரும்ப வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு. ஜெரான் வழக்கில் இல்லாமல் போனது இதுதான்.

குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தகவலைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் கேட்டது. 2000 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் எக்ஸானின் நோக்கத்தை மறுபடி எடுத்து, இந்த முறை வைட் சொன்ன 'சிறாருக்குத் தீங்கானது' என்ற அளவுகோலோடு, வணிக வலைத்தளங்களுக்கு மட்டும், மதிப்பு நிபந்தனையும் சேர்த்து எழுதியது. அதுவும் நிற்கவில்லை. பெற்றோர் போடும் சலிப்பு மென்பொருள் குறைந்த கெடுதலில் அதிகப் பலன் தரும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 வாக்கில் தடையை உறுதி செய்தது. 2009 ஜனவரியில் கடைசி மேல்முறையீடும் மறுக்கப்பட்டது. ஒருநாள்கூட அமலாகாத சட்டம் அது.

1997 தீர்ப்பு இந்தியாவுக்கும் வந்தது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கியபோது, விளக்கமில்லாத சொல்லால் தண்டிப்பது பற்றி 1997 அமெரிக்கத் தீர்ப்பை எடுத்தாண்டது. அதே தீர்ப்பில், பிறர் பதிவுக்கான பொறுப்பிலிருந்து இணைய நிறுவனங்களைக் காக்கும் 79ஆம் பிரிவைப் படிக்கும்போது, யாரோ ஒருவரின் புகார் போதாது, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் நிறுவனத்துக்குத் 'தெரிந்தது' ஆகும் என்றது. 230க்கும் 512க்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி.

எக்ஸான் கேட்ட வயதுச் சோதனைக்கு அமெரிக்காவில் கதவு திறந்தது 2025 ஜூன் 27 அன்று. டெக்சஸ் மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 வாக்கில் நிலைநிறுத்தியது; எழுதியவர் தாமஸ், மறுத்து எழுதியவர் எலினா கேகன். அந்த வரைவை 1996 வரைவோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வணிக நிறுவனங்களுக்கு மட்டும். உள்ளடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறாருக்குத் தீங்கான பாலியல் விஷயம் இருந்தால் மட்டும். மதிப்புள்ளதை விலக்கும் நிபந்தனை உண்டு. சிறை இல்லை, நாளுக்கு 10,000 டாலர் வரை அபராதம், சிறார் ஒருவர் பார்த்துவிட்டால் மேலும் 2,50,000 டாலர் வரை. சரிபார்த்தவர் அடையாளத் தகவலை வைத்துக்கொள்ளவும் கூடாது. பிலடெல்பியாவில் ஒவ்வொன்றாக உடைந்த இடங்களில் ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முட்டுக் கொடுக்காத இடம் ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு என்பதை எதை வைத்து அளப்பது, படங்களின் எண்ணிக்கையா, பக்கங்களா, கோப்பின் அளவா என்று சட்டத்தில் எழுதவில்லை. அடுத்த வழக்கின் உண்மைக் கண்டறிதல்கள் அங்கிருந்துதான் தொடங்கும்.